இருபதாவது ஆள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி வாசலில் டீக்கடை போட்டிருப்பவருக்குக்கூட இது தெரியும். பெயர் ஆவுடைத்தாய். இருபத்தாறு வருடமாக வணிகவியல் நடத்துகிறேன். சொந்த ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்களோடு நான் சேர்ந்து சிரிப்பதில்லை.

மூன்று வருடம் அலையாத அலைச்சல் அலைந்து ஒரு படிப்பைக் கொண்டுவந்தேன். வேலை பார்க்கிறவர்களுக்கான முதுகலைப் பட்டம். பாடம் தலைமைத்துவம். இரண்டு வருடம், வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் நூறு பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர் இருப்பார், பால் சொசைட்டியைத் தூக்கி நிறுத்திய செயலாளர் இருப்பார், நாற்பது மகளிர் குழுக்களைக் கட்டி மேய்க்கிற பெண் இருப்பாள். எல்லோரும் தபாலில் படித்து ஒரு பி.ஏ. வாங்கி வைத்திருப்பார்கள். அதோடு சரி. நேற்றுப் படித்து முடித்த ஒரு பிள்ளை முதுகலைச் சான்றிதழோடு வந்து அவர்களுக்கு மேலே அதிகாரியாக உட்காரும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில் பிறந்த படிப்பு இது.

கல்லூரிக்குள் இதற்கு ‘ஞாயித்துக்கிழம எம்.ஏ.’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். முதல்வர் நல்லக்கண்ணு சார் தங்கமான மனிதர், ஆனால் எதிலும் முதலில் ஓட்டையைத்தான் பார்ப்பார். கறி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நாளில் எவன் வந்து பெஞ்சில் உட்காருவான் என்று கேட்டார். பல்கலைக்கழகத்துக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் வகுப்பு தொடங்கியாக வேண்டும். முதல் நாள் வகுப்பில் குறைந்தது இருபது பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து வருகிற பார்வையாளர் தலையை எண்ணிக் கையெழுத்துப் போடுவார். ஒன்று குறைந்தாலும் அனுமதி ரத்து.

இருபத்தொரு பேர் சேர்ந்தார்கள். அதில் பதினோரு பேர் புதூர்ப் பக்கம். அந்தப் பதினோரு பேரும் மாரிச்செல்வி என்கிற ஒருத்தியால் வந்தவர்கள். முப்பத்தெட்டு வயது, மகளிர் குழுக் கூட்டமைப்பின் தலைவி. வட்டார அளவில் ஒரு வேலைக்கு மனுப் போட்டு, முதுகலை இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவள். என்னுடைய நோட்டீஸைப் படித்துவிட்டு நேரில் வந்தாள். நான் விளக்க ஆரம்பித்ததுமே நிறுத்தினாள். அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை, பத்து விண்ணப்பம் வேண்டியிருந்தது. அடுத்த வாரமே பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

தேதி குறித்தது நான்தான். காலண்டரை மேஜையில் விரித்துவைத்துத் தீபாவளியைப் பார்த்தேன், முகூர்த்த நாட்களைப் பார்த்தேன், கல்லூரித் தேர்வைப் பார்த்தேன், கிரிக்கெட் மேட்ச் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். தீபாவளி முடிந்து வருகிற ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறும் அதுதான். பிசிறு இல்லாமல் குறித்துவிட்டேன் என்று இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை மதியம் மழை பிடித்தது. வியாழன் காலை வரை விடவில்லை. கோவில்பட்டியில் நாங்கள் ஜன்னலை அடைத்துவிட்டு, பந்தல் நனைந்துவிடுமே என்று கவலைப்பட்டோம்.

சனிக்கிழமை காலையிலிருந்து என் போன் அடித்தபடி இருந்தது. ஒவ்வொருவராகச் சொன்னது ஒரே விஷயம். நாளைக்கு விதைப்பு. மானாவாரி நிலம், எங்கள் பேச்சில் காடு, மழையை நம்பிக் கிடப்பது. பெய்த ஈரம் ஞாயிறும் திங்களும்தான் விதைப்புக்குப் பதமாக இருக்கும். அதைத் தவறவிட்டால் மண் இறுகிவிடும், உளுந்து முளைக்காது. கூலிக்கு ஆள் கிடையாது, பாதி ஊர் திருப்பூரில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது காட்டில் நின்றாக வேண்டும். ஏழாவது போனுக்குள் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எட்டாவதாகப் பேசியவர் பாவம், வயதில் என்னைவிட மூத்தவர். அவரை நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பின் வாட்ஸப் குழுவில், நாளை வராதவர்களின் சேர்க்கை ரத்து செய்யப்படும் என்று அடித்து அனுப்பினேன். இருபத்தொரு பேரும் படித்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

மதியம் மாரிச்செல்வியே கூப்பிட்டாள். அவளையும் பிடிபிடியென்று பிடித்தேன். மூன்று வருட உழைப்பு, உங்களுக்காகத்தானே செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டாள்.

“மேடம், உங்களுக்கு எந்த ஊரு?”

சொன்னேன்.

“காடு உண்டுமா?”

உண்டு என்றேன். கரிசல், பன்னிரண்டு ஏக்கர், தம்பி பார்க்கிறான்.

“பொறவு எப்படி மேடம் ஐப்பசி மழைக்கு எடம் வுடாம தேதி வச்சீங்க? எங்க ஆளுவ அன்னைக்கே மொணங்குனாவ. நாந்தான், அவிய நம்ம பக்கத்துக்காரவிய, யோசிச்சுதான் வச்சிருப்பாவன்னு சொல்லி வாய அடைச்சேன்.”

மாட்டிக்கொண்டால் நான் போனை வைத்துவிடுவேன், வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் தம்பி திருப்பதி கூப்பிட்டான். நாளைக்கு விதைப்பு வைக்கலாமா, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டான். எங்கள் வீட்டில் வருடா வருடம் முதல் விதை என் கையால்தான் விழும். கல்யாணமாகிப் போன பிறகும் அது மாறவில்லை. இருபது வருடமாக ஐப்பசியில் லீவு போட்டுவிட்டுப் போய் விதைத்துவிட்டு வருகிறவள் நான். அந்த நான் தேதி குறிக்கும்போது மேஜையில் விரித்த காலண்டரைப் பார்த்தேனே தவிர, வானத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் குழுவில் போட்டதை அழிக்க மனம் வரவில்லை. என் கோபத்துக்கு எப்போதுமே ரோஷம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கருத்தரங்குக் கூடத்தில் குத்துவிளக்கு இருந்தது, மாலை இருந்தது, தாளாளர் இருந்தார், அரக்குப் பட்டில் நான் இருந்தேன். மாணவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள். அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி, ட்யூட்டி மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். குளத்தூர் உப்பள மேஸ்திரி சுடலைக்குமார் வந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன், அவனையும் காணோம்.

பார்வையாளர் பேராசிரியர் ஆறுமுகசாமி சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு மணிக்குத் தான் கிளம்பியாக வேண்டும் என்பதை வந்ததும் சொன்னார். பிறகு வெற்று நாற்காலிகளைப் பார்த்துவிட்டு பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். நல்லக்கண்ணு சார் என் பக்கமே திரும்பவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து ஆட்கள் குதித்தார்கள். வெள்ளைச் சட்டையும் நல்ல சேலையுமாக உடுத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் எல்லோரும் ஒரே நிறம், கறுப்பு. செருப்பில் அப்பியிருந்த கரிசலோடு நடக்கமுடியாமல், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வரிசையாகக் கால் கழுவினார்கள். சுடலைக்குமார் முதலில் உள்ளே வந்தான்.

விஷயத்தை அவன்தான் சொன்னான். மழை பெய்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. புதன்கிழமை பாத்தி மூழ்கியதும் அவனுடைய ஆட்கள் இருபத்தெட்டுப் பேர் வீட்டில் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். புதூர்ப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விதைப்பு நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாரிச்செல்விக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் போனில் பேசி முடித்த கையோடு அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஊரில் கொடுக்கிற கூலி, ஞாயிறும் திங்களும் இரண்டு நாள் வேலை. நான்கு டிராக்டர்களை எந்தக் காட்டில் முதலில் இறக்குவது, எதற்குப் பிறகு எது என்று சாயங்காலத்துக்குள் வரிசை போட்டுவிட்டாள். விடியும்போது ஆட்கள் காட்டில் நின்றார்கள். காட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் வந்து தங்கள் நிலத்தில் தொடங்கிவைத்துவிட்டு, கை கால் கழுவக்கூட நேரமில்லாமல் வண்டி ஏறிவிட்டார்கள். இதெல்லாம் பேசி முடிக்க, நான் இல்லாத தனி வாட்ஸப் குழு ஒன்று வைத்திருந்திருக்கிறார்கள்.

பாடம் நடத்தப்போவது நான், ஆனால் பாடம் முந்தின நாளே நடந்து முடிந்திருந்தது.

ஆறுமுகசாமி எழுந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“பத்தொம்பது” என்றார்.

நர்ஸைத் தவிர வராத ஒருத்தி மாரிச்செல்வி. உப்பள ஆட்களுக்கு விதைப்பு புதிது. எந்தக் காட்டுக்கு உளுந்து, எதற்குப் பாசி, எதற்குச் சோளம் என்று சொல்லவும், விதை கையிலிருந்து சரியாக விழுகிறதா என்று பார்க்கவும் ஒரு ஆள் நிற்க வேண்டும். பத்துக் காட்டுக்காரர்களும் அவள் பேச்சை நம்பித்தான் கிளம்பி வந்திருக்கிறார்கள். இருபதுக்கு ஒன்று குறையும் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ் வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

மாரிச்செல்விக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது.

“நான் பொறுப்புன்னு சொல்லி அனுப்பியிருக்கேன் மேடம். வுட்டுட்டு வரமுடியாது. எனக்குப் படிப்பு போனாப் போவுது. அவுகளுக்கு வேற எதும் வழி இருக்கான்னு பாருங்க.”

அவளுடைய படிப்புத்தான் எல்லோருடைய படிப்பும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தாளாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஆபீஸில் டைப் அடிக்கிற வனிதா நல்ல சேலையில்தான் வந்திருக்கிறாள், அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது, அடுத்த வாரம் மாரிச்செல்வி வந்து உட்கார்ந்துகொள்ளட்டும் என்றார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வனிதா எழுந்தே விட்டாள். அப்போது கழுவியும் போகாத கறுப்போடு முன்வரிசையில் இருந்த கால்களைப் பார்த்தேன். வழக்கமாக வருகிற கோபம் வந்தது, ஆனால் இந்த முறை என் மேலேயே வந்தது. தலைமைத்துவப் படிப்பின் முதல் நாளில் ஆள் மாறாட்டமா என்று தாளாளரிடம் சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். கூடத்துக்கே கேட்டிருக்கும்.

அவர் முகம் சிவந்து போனார். “அப்ப என்ன செய்யுறதா உத்தேசம்?”

“நான் போறேன்” என்றேன். “அவ வருவா.”

நல்லக்கண்ணு சாருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. விளக்கு ஏற்றுவது நீ, ஒருங்கிணைப்பாளர் என்று அழைப்பிதழில் இருப்பது உன் பெயர், இந்த ஒரு நாளுக்காக மூன்று வருடம் அலைந்திருக்கிறாய் என்றார். தெரியும் சார், விளக்கை வேறு யாரும் ஏற்றலாம், இருபதாவது நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது என்றேன். ஆறுமுகசாமியிடம் போய் ஒரு மணி வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். பொறுப்பதாகவும், ஆனால் ஒரு நிமிடம் தாண்டினாலும் பத்தொன்பது என்றே எழுதுவதாகவும் சொன்னார். அது போதும்.

கல்லூரி வேனை எடுத்துக்கொண்டு, டிரைவர் தங்கப்பாண்டியோடு கிளம்பினேன். எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் டிராக்டர்கள் தெரிந்தன. நாற்பது நிமிடம் ஆனது. வழி முழுக்க அவன் என் பட்டுச் சேலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தானே ஒழிய எதற்கு என்று கேட்கவில்லை. என்னைப் பற்றித் தெரிந்தவன்.

மாரிச்செல்வி சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டோடு வரப்பில் நின்றாள். கையில் பாலிதீன் உறை போட்ட நோட்டு. டிராக்டர் உழுது சால் போட்டுப் போக, பின்னாலேயே உப்பளத்துப் பெண்கள் விதை போட்டுப் போனார்கள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அசையவில்லை.

“வேன் நிக்குது. ஏறு. இங்கன நான் நிக்கேன்” என்றேன்.

அவள் என் சேலையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். “உங்களுக்குக் கை வருமா மேடம்?”

வேறு யாராவது கேட்டிருந்தால் குதறியிருப்பேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. செருப்பை வரப்பில் விட்டேன், முந்தானையை இழுத்துச் செருகினேன், பக்கத்திலிருந்த பெண்ணிடமிருந்து விதைப் பெட்டியை வாங்கிக்கொண்டு சாலில் இறங்கினேன். கால் புதைந்தது. டிராக்டருக்குப் பின்னால் முப்பது தப்படி நடந்தேன். மாரிச்செல்வி கூடவே வந்து, குனிந்து, நான் போட்ட உளுந்தை இரண்டு மூன்று இடங்களில் மண்ணை விலக்கிப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரை நான் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று பரீட்சை எழுதியது நான்.

நிமிர்ந்து நோட்டை நீட்டினாள். பத்துக் காடு, ஒவ்வொன்றுக்கும் என்ன விதை, எல்லை எந்தப் பொழிக்கல் வரை, எந்த டிராக்டர் எங்கே போக வேண்டும் என்று கோணலும் மாணலுமான எழுத்தில் இருந்தது.

“நாலாவது காட்டுல கெழக்க பள்ளம், அங்கன ஈரம் கூட, டிராக்டர வுடாதீங்க. மத்ததுக்குப் பயமில்ல.” சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். “இதப் போட்டுக்கோங்க அக்கா. வெயிலு கடுசு.”

நான் அவளிடம், தேதி வைத்தது என் தப்பு, அந்த மெசேஜ் அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து வருடக்கணக்கு இருக்கும்.

“தெரியும்க்கா. அதான் அந்தக் குழுவில ஒங்களச் சேக்கல” என்று சிரித்துக்கொண்டே வேனுக்கு ஓடினாள். கால் கழுவக்கூட நிற்கவில்லை.

அப்போது மணி பன்னிரண்டு பத்து. அதன் பிறகு நான் மணியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு விதையைப் பார்த்தேன். இரண்டாவது காடு முடிந்தது, மூன்றாவதில் பாசிப் பயற்று மூட்டையைப் பிரித்தோம். உப்பளத்துப் பெண் ஒருத்தி, சட்டைக்குக் கீழே தெரிந்த பட்டு ஜரிகையைப் பார்த்து, எந்தக் காட்டுக்காரி நீ என்று கேட்டாள். பத்துக் காட்டுக்கும் என்றேன். நல்ல வசதிதான் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒன்று பத்துக்குப் போன் வந்தது. நல்லக்கண்ணு சார். குரலை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எப்போதுமே இழவு வீட்டில் பேசுவது போலத்தான் பேசுவார். பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு அவள் வந்துவிட்டாளாம். மண் காலோடு அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தாளாம். ஆறுமுகசாமி இருபது என்று எழுதிவிட்டு, கிளம்பாமல், காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாராம். மாரிச்செல்வி எழுந்து நின்று பேசினாளாம். பார்வையாளர் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, இன்னும் அங்கேதான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

“வெளக்க யாரும்மா ஏத்துனான்னு கேக்க மாட்டியா?” என்றார்.

யார் என்று கேட்டேன். இருபது பேரும் சேர்ந்து ஏற்றினார்களாம்.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. டிராக்டர்க்காரன் என்னவோ ஏதோ என்று இஞ்சினை நிறுத்திவிட்டான். அவனை ஒரு சத்தம் போட்டு ஓட்டச் சொன்னேன். ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது.

இருட்டுவதற்குள் ஆறு காடு முடித்தோம். திங்கட்கிழமை மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். நான் அன்று எப்போதும்வென்றானுக்குப் போய்த் தம்பி காட்டில் முதல் விதை போட்டேன்.

பார்வையாளரின் அறிக்கை அந்த வாரக் கடைசியில் வந்தது. நல்லக்கண்ணு சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அனுமதி உறுதியாகிவிட்டது, ஆனால் ஒரு வரி நெருடலாக இருக்கிறது, நாளைக்கு யாராவது கோப்பைப் புரட்டினால் உனக்குத்தான் கெட்ட பெயர், ஆறுமுகசாமியிடம் சொல்லித் திருத்தி வாங்கிவிடலாம் என்றார். வாங்கிப் படித்தேன்.

‘வகுப்பு முறைப்படி தொடங்கப்பட்டது. வருகை தந்த மாணவர்கள் இருபது பேர். ஒருங்கிணைப்பாளர் வகுப்பில் இல்லை.’

இந்த இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி இந்தக் கல்லூரியில் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். பாராட்டுக் கடிதம் உண்டு, விளக்கம் கேட்டு மெமோ அதைவிட அதிகம் உண்டு. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது என்று சொல்லி, அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.